டீ குடிக்கப் போன கண்டக்டர்

ஆகஸ்ட் 4, வெள்ளி

கேம் முடிந்தது. மூன்று வருடம், இரண்டே பேர். சாதிக் பாட்சா நிரல் எழுதினான், நான் வரைந்தேன். கரூரில் ஒரு திரைச்சீலைக் கடையின் மாடி அறையில் உட்கார்ந்து இதைச் செய்தோம் என்றால் நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும்.

பெயர் 'டபுள் விசில்'. ஆடுகிறவர்தான் டிரைவர். கரூரில் கிளம்பி பரமத்தி, தென்னிலை, வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் வழியாகக் கோவை போய்ச் சேர வேண்டும். பின்னால் வருகிற வண்டி முந்தக் கூடாது, முன்னால் போகிற வண்டியின் நேரத்தில் நாம் கை வைக்கக் கூடாது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிற்கணும், இரண்டு கொடுத்தால் கிளம்பணும். இதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று கேட்கிறவர்கள் காலை எட்டரை மணிக்கு ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் பதினொரு வருடம் டிசைன் போட்டவள் நான். இந்த கேமில் வருகிற ஒவ்வொரு சீட்டின் கிழிசலும் நான் கண்ணால் பார்த்த கிழிசல். இன்று கடைசியாக ஒருமுறை கோவை வரை ஓட்டிவிட்டு சாதிக், "அக்கா, டீசல் வாடை மட்டுந்தான் குறை" என்றான். பள்ளப்பட்டிக்காரனுக்கு வாயில் பாராட்டு வருவது அபூர்வம். அதனால் தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் ரேஷன் கடை. பிறகு முழுக்க இணையக் கடைகளைப் பற்றிய பேச்சு.

பெரிய கடையில் கூட்டம் இருக்கிறது. உலகத்தில் கேம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் திரிகிறார்கள். விமர்சனம் எழுதலாம், கேள்வி கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் இரண்டு மணி நேரம் ஆடுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் விற்கிற காசில் பெரிய துண்டை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வாங்கியவர் அவர்களுடைய செயலி வழியாகத்தான் கேமைத் திறக்க முடியும். விருப்பப்பட்டால் யாரும் காப்பியடிக்க முடியாதபடி பூட்டும் போட்டுத் தருவார்கள்.

இன்னொன்று சின்னக் கடை. அங்கே ஒரே நிபந்தனை, பூட்டு கூடாது. வாங்கியவர் கோப்பை இறக்கி பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். கடையே நாளைக்கு மூடினாலும் கேம் அவரிடம் இருக்கும். சாதிக்குக்கு இந்தக் கடையின் மேல் தனிப் பிரியம். அவன் காலேஜில் காசு சேர்த்து வாங்கிய ஒரு கேம், அந்தக் கம்பெனி சர்வரை அணைத்ததும் திறக்காமல் போய்விட்டதாம். இன்னும் அதன் பெயரைச் சொல்லும்போது அவன் முகம் மாறுகிறது.

இரண்டிலும் விற்பது என்று முடிவு. பெரிய கடையில் பூட்டோடு, சின்னக் கடையில் பூட்டில்லாமல். பூட்டு வேண்டும் என்றது நான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பூட்டைப் பற்றி மறுபடியும் சண்டை.

சாதிக் சொல்வது இதுதான். எந்தப் பூட்டையும் இரண்டு மூன்று நாளில் உடைத்துவிடுவார்கள். அதற்குள் பூட்டால் கேம் மெதுவாகும், இணையம் இல்லாதவர் தவிப்பார். "கள்ளன் ஒடச்சுட்டு உள்ள போயிருவான்க்கா. சாவி வெச்சிருக்கறவன்தான் வாசல்ல நிப்பான்."

அவனுக்கு என்ன தெரியும். பட்டறையில் இருந்தபோது பஸ்ஸின் பக்கவாட்டில் மயில் கழுத்து மாதிரி ஒரு வளைவு போட்டேன். முன் சக்கரத்தில் எழும்பி, பின் கதவில் இறங்கும். இரண்டே மாதத்தில் நாமக்கல் வண்டியில் அதைப் பார்த்தேன், பிறகு சேலம் வண்டியில், பிறகு எங்கெல்லாமோ. யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் முதலாளி பெயர் இருக்கும், அவர் பிள்ளைகள் பெயர் இருக்கும், வரைந்தவள் பெயருக்கு இடம் கிடையாது. இந்த முறை விடமாட்டேன்.

(பட்டறையில் நாங்கள் வரைந்த மென்பொருள் யாரோ சிடியில் கொண்டு வந்த காப்பி. அதைத் திறக்கும் எண்ணைத் தயாரித்துக் கொடுக்கும் குட்டி நிரல் ஒன்று இருந்தது, ஓடும்போது டிங் டிங் என்று பாட்டுப் பாடும். இன்று சமைக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அது வேறு விஷயம்.)

ஆகஸ்ட் 16, புதன்

அருமையான யோசனை ஒன்று வந்தது. பூட்டே வேண்டாம், பொறி வைக்கலாம்.

காப்பியடித்த கேம் நன்றாகவே திறக்கும், வண்டியும் நன்றாகவே ஓடும். தென்னிலையில் நின்றதும் கண்டக்டர் இறங்கி டீக்கடைக்குப் போவார். போனவர் வரமாட்டார். இரண்டு விசில் கிடைக்காமல் வண்டி நகராது. பயணிகள் முதலில் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு திட்டுவார்கள், பிறகு ஒவ்வொருவராக இறங்கிப் போய்விடுவார்கள். கடைசியில் காலி பஸ்ஸில் டிரைவர் மட்டும்.

சாதிக் சிரித்தான், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியதற்கான ரசீது கம்ப்யூட்டரில் இருக்கிறதா, அதன் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் காப்பியா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியுமாம். ஏதாவது கம்ப்யூட்டரில் தேதியே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டான். இந்தக் காலத்தில் தேதி தப்பான கம்ப்யூட்டரை எவன் வைத்திருப்பான் என்றேன். அவன் எழுதித் தருகிறேன் என்றான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இறங்கிப் போகும் பயணிகள் இருபத்தாறு பேரையும் வரைந்து முடித்தேன். பச்சைச் சேலை அம்மா போகிறபோது டிரைவரைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நானே இரண்டு தடவை பார்த்து ரசித்தேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

வெளியிட்டோம். வறுத்த வேர்க்கடலையும் காப்பியும். சாதிக் வீட்டிலிருந்து பிரியாணி.

சாயங்காலத்துக்குள் பெரிய கடையில் முன்னூறு பேர் வாங்கிவிட்டார்கள். போலந்து நாட்டுக்காரர் ஒருவர் 'காங்கேயம் தாண்டியதும் அழுதுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும். அந்தச் சாலையோரப் பனை வரிசைக்கு எட்டு மாதம் உழைத்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பொறி வேலை செய்கிறது!

பெரிய கடையின் கேள்வி பதில் பக்கத்தில் நாற்பது பேர் ஒரே புகார். கண்டக்டர் தென்னிலையில் இறங்கினார், வரவில்லை, இது பிழையா? காப்பியடித்ததைத் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில் போட்டேன். 'டிக்கெட் எடுக்காமல் ஏறினால் கண்டக்டர் டீ குடிக்கத்தான் போவார்.'

அந்த வரியைப் படம் பிடித்து எங்கெங்கோ போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் கேம் செய்கிறவர்கள்கூடப் பகிர்ந்திருக்கிறார்கள். என் பெயரோடு. பூங்கோதை, கரூர் என்று. அதைப் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று வந்த புகார் எல்லாவற்றையும் தூக்கி அடித்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'2.05 தென்னிலை. கண்டக்டர் இறங்கி டீக்கடை சென்றார். 2.20 வரவில்லை. 2.41 பச்சைச் சேலை அணிந்த அம்மா இறங்கிவிட்டார். 3.15 பயணிகள் எட்டுப் பேர் மட்டும். 4.00 மூன்று பேர். 5.10 வண்டியில் நான் மட்டும் உள்ளேன். இதற்கிடையில் இங்கே பதினேழு வண்டி அனுப்பிவிட்டேன். கண்டக்டருக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று தெரிவிக்கவும். இப்படிக்கு, குழந்தைவேல், டைம் கீப்பர், வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்ட்.'

மூன்று மணி நேரம் உட்கார்ந்து நேரம் குறித்திருக்கிறார், மனிதர். வயிறு வலிக்கச் சிரித்தேன். அதைப் படமெடுத்து, பெயரையும் ஊரையும் மறைக்காமல், 'நேரம் பார்க்கத் தெரிகிறது, டிக்கெட் எடுக்கத் தெரியவில்லை' என்று மேலே எழுதிப் போட்டேன்.

சாதிக் பார்த்துவிட்டு, பெயரை மறைத்திருக்கலாம் என்றான்.

செப்டம்பர் 6, புதன்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மதியம் சாதிக் ஒன்றைக் காட்டினான். நம் பொறியைக் கழற்றிவிட்டார்கள். இணையத்தில் இப்போது சுற்றுகிற காப்பியில் கண்டக்டர் டீக்கடைக்கே போவதில்லை. காப்பியடித்தவர்கள் ஜம்மென்று கோவை போய்ச் சேர்கிறார்கள். ஐந்து நாள் தாக்குப் பிடித்திருக்கிறது. மோசமில்லை.

நேற்றுப் போட்ட படம் பஸ் ரசிகர்களின் வாட்சப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

குழந்தைவேல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பெரிய கடையின் ரசீது இணைத்திருக்கிறார். செப்டம்பர் 2, காலை 11.14. முறையாக வாங்கியிருக்கிறார்.

கீழே நான்கு வரி. 'கேம் நன்றாக உள்ளது. நான் டிக்கெட் எடுத்தேன். நேற்று இரண்டு வண்டிக்குள் நான்கு நிமிடத் தகராறு. நான் நேரம் சொன்னபோது டிரைவர், நீ போய் டீ குடித்துவிட்டு வந்து சொல் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடமாக இங்கே நான் சொல்வதுதான் நேரம். தங்களால் முடிந்தால் ஆவன செய்யவும்.'

எழுத்தில் ஒரு சுடுசொல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாதிக்கிடம் கொடுத்தேன். கேம் தானாக எழுதிவைக்கும் குறிப்புக் கோப்பை அவரிடமிருந்து வாங்கிப் பார்த்தான். அந்தக் கம்ப்யூட்டரில் அன்றைய தேதி 2008 ஜனவரி 1. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப் போயிருக்கிறது, கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் போய்விடும் என்றான். ரசீது பதினைந்து வருடம் கழித்து வரப்போகிற தேதியில் இருந்ததால் நம் பொறி அதைப் பொய் ரசீது என்று நினைத்துவிட்டது. நான் சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொன்னான். "காப்பி அடிச்சவன் எல்லாம் கோயமுத்தூர் போயாச்சுக்கா. காசு குடுத்தவரு மட்டும் தென்னிலைல ஒக்காந்திருக்காரு."

இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாம் அவர். கண்டக்டர் வந்துவிடுவார் என்று நம்பி மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்.

செப்டம்பர் 9, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. நான் போட்ட படத்தை அழித்தேன். மற்றவர்கள் பகிர்ந்ததை அழிக்க முடியாது.

செப்டம்பர் 11, திங்கள்

வெள்ளகோவில் போய் வந்தேன். மன்னிப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று மனசு சொன்னது. ஊரறியத் திட்டிவிட்டுக் காதோடு மன்னிப்புக் கேட்பது எனக்கே அசிங்கமாக இருந்தது.

தென்னிலையில் பஸ் நின்றது. எங்கள் கண்டக்டர் இறங்கவில்லை. நான் டீக்கடையைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

டைம் கீப்பர் அறை பஸ் ஸ்டாண்டின் நடுவில், ஒரு மேசை இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு. குழந்தைவேலுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். கையில் பழைய சாவி கொடுக்கும் வாட்ச். மேசையில் மைக், நேரப் பட்டியல், ஒரு ஓரத்தில் அந்தக் கம்ப்யூட்டர். பட்டியல் அச்செடுக்க பஸ் முதலாளிகள் என்றைக்கோ வாங்கிக் கொடுத்தது. திரையின் கீழ் மூலையில் 01-01-2008 என்று இருந்தது. எதிரே சுவரில் இன்றைய தேதி காலண்டர்.

நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். அவர் உட்காரும் நாற்காலியையே தந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்து நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் வீணாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருப்பது தெரியுமா என்று கேட்டேன். மொபைல் கடைக்காரர் கேமை ஏற்றும்போது சரிசெய்தாராம், மறுநாள் கரண்ட் போனதும் பழையபடி ஆகிவிட்டதாம். வாட்சைத் தட்டிக் காட்டினார். "நான் இதுலதானுங்க மணி பாக்கறது. அந்தப் பொட்டிகிட்ட எதுக்குங்க கேக்கப்போறேன்."

தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். பரவாயில்லீங்க, விடுங்க என்றார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். "அந்தக் கண்டக்டரு வந்துருவாருங்களா?"

ஐந்து வண்டி டிரைவர்களும் கண்டக்டர்களும் வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் நான் கொஞ்சம் பேசலாமா என்று கேட்டேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

"திருப்பூர் வண்டி ஒண்ணு இருக்குதுங்க. அது கெளம்பட்டும், அப்பறம் பேசுங்க."

இரண்டு நிமிடம் காத்திருந்தேன். திருப்பூர் வண்டியை அறிவித்து அனுப்பிவிட்டு மைக்கை என் பக்கம் திருப்பினார்.

நான் பேசியது இதுதான், ஒரு சொல் கூட்டவில்லை. "எம்பேரு பூங்கோதை. கரூருங்க. டபுள் விசில் கேம் நான் செஞ்சது. வெள்ளகோவில் டைம் கீப்பர் காசு குடுக்காம ஆடினாருன்னு நான் எழுதினது பொய். அவர் முறையா வாங்கினவர். தப்பு என் கேம்ல இருந்துச்சு. அவர் குறிச்ச நேரம் எல்லாம் சரி. உங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

என் குரல் பஸ் ஸ்டாண்டின் நாலு மூலையிலும் ஒலித்தது. பழக்கடையில் பேரம் நின்றது. நான் தலை குனியவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளத் தலையை ஏன் குனியணும்.

பிறகு தாராபுரம் வண்டி டிரைவர் அறைக்குள் தலையை நீட்டினார். "அண்ணா, எனக்கு எத்தன மணிக்குங்ணா?"

குழந்தைவேல் பட்டியலைப் பார்க்கவேயில்லை. "பதினொண்ணு நாப்பத்தி மூணு. இன்னும் ஆறு நிமிசம் இருக்குது. டீ வேணும்னா குடிச்சுட்டு வா" என்றார். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

செப்டம்பர் 13, புதன்

பொறியைக் கழற்றினோம். ரசீது, தேதி எதையும் இனி எங்கள் கேம் பார்க்காது. பெரிய கடையிலும் சின்னக் கடையிலும் இனி ஒரே கேம். வெள்ளகோவிலில் நடந்ததை முழுக்க எழுதி, கேள்வி பதில் பக்கத்தில் அந்த டீக்கடைப் பதிலுக்கு மேலேயே ஒட்டிவைத்தேன். காப்பியடிக்கிறவர்கள் காப்பியடிப்பார்கள். எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்தவரை நடுரோட்டில் இறக்கிவிட்டு அவர்களைப் பிடிக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சாதிக்கிடம் சொன்னேன். கண்டக்டர் தென்னிலையில் டீ குடிக்கப் போகட்டும். எல்லோருக்கும் போகட்டும். ஐந்து நிமிடத்தில் திரும்பி வரட்டும். இருபத்தாறு பேரை வரைந்திருக்கிறேன், அவர்களும் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டு உட்காரட்டும். பச்சைச் சேலை அம்மாவின் பார்வையை வீணாக்க முடியாது.

சாதிக் அதை எழுதி முடித்துவிட்டு, "இதுதாங்க்கா கேம்லயே நல்ல எடம்" என்றான். இந்த வருடத்தில் இது இரண்டாவது பாராட்டு.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை சரியாக வரவில்லை, பிள்ளையார் சகித்துக்கொண்டார்.

பூட்டு இல்லாததால் ஆளாளுக்குத் தங்கள் ஊர் வண்டியை கேமுக்குள் வரைந்து வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர் தன் வண்டியின் பக்கவாட்டில், எங்கள் கேம் வண்டியில் நான் போட்டிருந்த மயில் கழுத்து வளைவைப் போட்டிருக்கிறார். அடியில் சின்ன எழுத்தில், 'வளைவு: பூங்கோதை, கரூர்.' பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வரையும் மென்பொருளுக்கு முறையாக உரிமம் வாங்கினேன். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

மதியம் குழந்தைவேலிடமிருந்து குறிப்பு.

'2.05 தென்னிலை. கண்டக்டர் இறங்கினார். 2.10 வந்தார். டபுள் விசில். வண்டி கிளம்பியது. 2.31 வெள்ளகோவில். சரியான நேரம் 2.30. ஒரு நிமிடம் தாமதம், கவனிக்கவும். கண்டக்டர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.'

சாதிக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். நம் கணக்குப்படி சரியாகத்தான் இருக்கிறது, எதற்கும் ஒருமுறை ஓட்டிச் சரிபார்க்கலாமா என்று கேட்டான்.

வேண்டாம், ஒரு நிமிடம் குறைத்துவிடு என்றேன். வெள்ளகோவில் டைம் கீப்பர் சொன்னால் அதுதான் நேரம்.